கேட்காமல் போட்ட கணக்கு
வல்லரசுகளின் போட்டியும் தோட்டத் தொழிலாளியின் நிலமும்

(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்த தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குமுன் ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மா டீச்சர், நோட்டீசுல வல்லரசு, அணுகுண்டுன்னு போட்டிருக்கீங்களே. சம்பளம், காணி, வீடு இதெல்லாம் பேசாம நமக்கு எதுக்கு அந்தக் கதை?"

நியாயமான கேள்வி. 58இலும் 77இலும் 83இலும் அடிபட்டு மலையை விட்டு இறங்கி இந்தக் கிழக்குப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் இங்கே இருக்கிறீர்கள். சொந்தக்காரர்களைப் பார்க்க மலையிலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பக்கத்தாருக்கும் காணிதான் முதல் கவலை. நானும் காணியைப் பற்றித்தான் பேச வந்தேன். அந்தப் பெரியவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்: "ஐயா, கொஞ்சம் பொறுங்க, சுத்தி வந்து அங்கதான் நிப்பேன்."

கல்லடிக் கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். கரையிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, கடலுக்கு அடியில் பெரிய போர்க்கப்பல் ஒன்று கிடக்கிறது. அதன் பெயர் ஹேர்மிஸ். விமானம் ஏற்றும் பிரித்தானியக் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. அன்றைக்கே இந்தக் கடலில் ஹேர்மிசையும் மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட கடற்படையினர் செத்தார்கள். பிரித்தானியாவும் ஜப்பானும் சண்டை போட, இங்கே வலை வீசிக்கொண்டிருந்தவனை யாரும் கேட்கவில்லை. பெரிய நாடுகள் சண்டை பிடிக்கும்போது கடல் யாருடையது என்று அவர்கள் பார்ப்பதில்லை. நல்ல துறைமுகம் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

அதற்கு மூன்று வருடம் கழித்து, 1945 ஓகஸ்ட் மாதம் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் அமெரிக்கா அணுகுண்டு போட்டது. 1949இல் சோவியத் நாடும் குண்டு செய்துவிட்டது. அதன் பிறகு இரண்டு பெரியவர்களும் நேருக்கு நேர் சண்டை பிடிக்க முடியாது. பிடித்தால் இருவருமே அழிவார்கள். ஆகவே சண்டையை அடுத்தவர் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். யாருக்கு எந்தத் துறைமுகம், யாருக்கு எந்தத் தீவு, யார் யாரோடு வியாபாரம் செய்யலாம் என்பதெல்லாம் அந்தச் சண்டைதான்.

அது நம் தோட்டத்துக்குள் வரவில்லை என்று நினைக்காதீர்கள். கொரியாவில் யுத்தம் நடந்தபோது இறப்பர் விலை ஏறியது. பிறகு விழுந்தது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. கம்யூனிஸ்ட் சீனாவுக்கு இறப்பர் விற்கக்கூடாது என்று அமெரிக்கா நின்றது. ஆனாலும் 1952 டிசெம்பரில் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் சீனாவோடு ஒப்பந்தம் செய்தது. வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுப்பது, 2,70,000 தொன் அரிசி வாங்குவது, ஐந்து வருடத்துக்கு. அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை நிறுத்தியது. ஐக்கிய தேசியக் கட்சி கம்யூனிஸ்ட் கட்சி இல்லை. ஆனாலும் சனத்துக்குச் சோறு வேண்டும் என்று துணிந்து செய்தார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்த இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் யார்? சிங்களக் கிராமத்து ஆட்களும் வெட்டினார்கள், நம் ஆட்களும் வெட்டினார்கள். நம் ஆட்களுக்கு அப்போது பிரஜாவுரிமை இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அதைப் பறித்திருந்தது. அடுத்த வருடம் வாக்கும் போனது. 1947இல் தோட்டத்து மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. ஒரு வல்லரசின் சொல்லை மீறி இன்னொரு வல்லரசோடு வியாபாரம் செய்ய நாட்டுக்குத் தைரியம் தந்த சரக்கில் நம் உழைப்பும் இருந்தது. அந்த உழைப்பாளி நாட்டின் கணக்கில் இல்லை.

பழைய கதை என்று நினைக்கிறீர்களா? ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை 25 கோடி 10 லட்சம் டொலர் கடன் வைத்திருந்தது. ஈரானின் அணுத்திட்டத்தைக் காரணம் காட்டி அமெரிக்கா போட்ட தடையால் வங்கி மூலம் பணம் அனுப்ப வழி இல்லை. 2021 டிசெம்பரில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதியான தேயிலை அனுப்பிக் கடனைத் தீர்ப்பது. அணுகுண்டுச் சண்டையில் நாம் பறிக்கும் கொழுந்து காசாக மாறியிருக்கிறது. நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று இனிச் சொல்ல முடியுமா ஐயா?

இப்போது ஒரு தோட்டத்தின் கதையைச் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

இங்கிருந்து தெற்கே, இந்துசமுத்திரத்தின் நடுவில், இரண்டாயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் சாகோஸ் என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் பெரிய தீவு தியாகோ கார்சியா. அது முழுக்கத் தென்னந்தோட்டம். பிரெஞ்சுக்காரர்கள் ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து போட்ட தோட்டம். பிறகு பிரித்தானியர் கைக்குப் போனது. அடிமை முறை ஒழிந்ததும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். தென்னிந்திய ஆட்களும் அதில் இருந்தார்கள். தேங்காய் உரிப்பது, கொப்பறை காயவைப்பது, எண்ணெய் எடுப்பது. ஆணுக்கு இத்தனை காய், பெண்ணுக்கு இத்தனை காய் என்று நாள் கணக்கு. கம்பெனிக் கடை, கம்பெனி வீடு, ஒரு சின்னக் கோயில், ஒரு மயானம். நம் லயத்து வாழ்க்கை மாதிரியேதான். ஐந்து தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே செத்தார்கள்.

1960களில் அமெரிக்காவுக்கு இந்துசமுத்திரத்தில் ஒரு இராணுவத் தளம் தேவைப்பட்டது. பிரித்தானியா இந்தப் பக்கத்துத் தளங்களைக் கைவிட்டுப் போகப் பார்த்தது. சோவியத் கப்பல்கள் உள்ளே வரும் என்ற பயம். 1965இல் மொரீசியசுக்குச் சுதந்திரம் கொடுக்குமுன் பிரித்தானியா இந்தத் தீவுகளை அதிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டது. 1966 டிசெம்பரில் அமெரிக்காவோடு ஒப்பந்தம். அதற்கு அமெரிக்கா வாடகை கொடுக்கவில்லை. இரகசியமாக வேறொரு சலுகை கொடுத்தது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து அணுகுண்டை ஏவும் பொலாரிஸ் ஏவுகணைகளைப் பிரித்தானியா வாங்கும்போது கட்டவேண்டிய காசில் 1 கோடி 40 லட்சம் டொலரைத் தள்ளுபடி செய்தது. ஒரு தோட்டத்து மக்களின் ஊருக்கு விலை, அணு ஏவுகணையில் கொஞ்சம் கழிவு.

ஆட்களை என்ன செய்வது? அங்கே நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை, இருப்பவர்கள் எல்லோரும் ஒப்பந்தத்துக்கு வந்துபோகும் கூலிகள் என்று அதிகாரிகள் எழுதினார்கள். எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா? நம்மையும் அப்படித்தானே எழுதினார்கள். நாம் வந்துபோகிறவர்கள், ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்திருப்பவர்கள் என்று.

வைத்தியத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் மொரீசியசுக்குப் போனவர்களிடம், திரும்பிப் போகக் கப்பல் இல்லை என்று சொன்னார்கள். தீவுக்கு வரும் அரிசியும் மருந்தும் குறைந்தன. அரசாங்கம் தோட்டத்தையே விலைக்கு வாங்கி மூடியது. வேலை இல்லை என்றால் ஆள் எப்படி இருப்பான்? 1971இல் அவர்கள் வளர்த்த நாய்களையெல்லாம் கொன்றார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் தியாகோ கார்சியாவையும், 1973க்குள் மற்றத் தீவுகளையும் வெறுமையாக்கினார்கள். ஆயிரத்து ஐந்நூறு பேருக்குக் குறையாமல் மொரீசியசிலும் சீஷெல்சிலும் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். ஒப்பாரிக் கோச்சியில் தலைமன்னாருக்கு ஆட்களை அனுப்பிவைத்த நமக்கு அந்தக் கப்பலை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அதே 1971இல், இந்த நாட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க ஒக்டோபர் மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நின்று, இந்துசமுத்திரத்தைச் சமாதான வலயமாக்குங்கள் என்று கேட்டார். வல்லரசுகள் தங்கள் போட்டிக்காக இங்கே வைத்திருக்கும் தளங்களை எடுக்கவேண்டும், அணு ஆயுதத்தை இந்தக் கடலுக்குள் கொண்டுவரக்கூடாது என்பதுதான் கோரிக்கை. டிசெம்பர் 16ஆம் திகதி அது தீர்மானம் 2832 ஆக நிறைவேறியது. ஆதரவாக 61 நாடுகள். எதிராக ஒன்றும் இல்லை. வாக்களிக்காமல் ஒதுங்கியவை 55. அமெரிக்கா, சோவியத், பிரித்தானியா, பிரான்ஸ் எல்லாம் அந்த 55இல்தான் நின்றன. வெளியில் சண்டை போடும் அமெரிக்காவும் சோவியத்தும் சின்ன நாடு ஒன்று 'கப்பலை எடு' என்றதும் ஒரே வரிசையில் போய் உட்கார்ந்தன.

அந்த நாளில் வங்காள விரிகுடாவில் என்ன நடந்தது தெரியுமா? பங்களாதேஷ் யுத்தம் முடிந்த நாளும் அதுதான். அணுசக்தியில் ஓடும் அமெரிக்கக் கப்பல் என்டர்பிரைஸ் இந்தியாவை மிரட்ட உள்ளே வந்திருந்தது. சோவியத் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் பின்னாலேயே வந்தன. இதே கடல்தான் தோழர்களே, கல்லடியிலும் வாகரையிலும் நாம் காலை நனைக்கும் கடல். தீர்மானம் வெறும் அலங்காரம் அல்ல என்று அன்றைக்கே தெரிந்தது.

அதற்கு முன்னும் அவர் செய்தது உண்டு. 1962 ஒக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைத்ததால் உலகமே அழியும் நிலைமை வந்தது. கென்னடியும் குருசேவும் கடைசி நேரத்தில் இறங்கி வந்தார்கள். சோவியத் கியூபாவிலிருந்து எடுத்தது, அமெரிக்கா துருக்கியிலிருந்து இரகசியமாக எடுத்தது. உலகம் தப்பியது, நல்லதுதான். ஆனால் கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவையே யாரும் கேட்கவில்லை. அவர் வானொலிச் செய்தியில்தான் அறிந்தார். அதே மாதம் இந்தியாவும் சீனாவும் இமயமலையில் சண்டை பிடித்தன. டிசெம்பரில் சிறிமாவோ அணிசேரா நாடுகள் ஐந்தைக் கொழும்புக்கு அழைத்துச் சமாதானம் பேச முயன்றார். சின்ன நாட்டுத் தலைவர் இப்படித்தான் நடக்கவேண்டும். யார் பக்கமும் விழாமல், யார் காலிலும் விழாமல்.

இனிக் கசப்பான பகுதி. இதைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு உண்மையாக இல்லை.

1964 ஒக்டோபர் மாதத்தை எடுங்கள். மாதத் தொடக்கத்தில் கெய்ரோவில் அணிசேரா நாடுகளின் மாநாடு. இந்துசமுத்திரத்தில் அணு ஆயுதம் வேண்டாம் என்ற பேச்சை அவர் அங்கேயே எடுத்தார். 16ஆம் திகதி சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 30ஆம் திகதி, இரண்டு கிழமை கழித்து, டில்லியில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது.

9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். ஏழு பேர் அங்கே போனால் நாலு பேருக்கு இங்கே உரிமை என்பது கணக்கு. அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியோடு பேசி ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். தேயிலைப் பெட்டியைப் பிரிப்பதுபோல.

நேரு காலத்தில் இந்தியா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்கள், இலங்கைதான் ஏற்கவேண்டும் என்றது. பிறகு ஏன் மாறியது? சீனாவோடு யுத்தத்தில் தோற்ற இந்தியாவுக்கு அயல்நாடுகளின் நட்பு அவசரமாகத் தேவைப்பட்டது, இலங்கை சீனாப் பக்கம் சாயக்கூடாது என்ற கவலை இருந்தது என்று வரலாறு எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியானால், இரண்டு பெரிய நாடுகளின் போட்டியில் சமன்பாட்டைச் சரிக்கட்ட வைத்த கல் நாம்தான்.

அந்த மேசையில் தொழிலாளியும் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. எங்களைக் கேட்காமல் எங்களைப் பிரித்தார்கள் என்று தொண்டமான் அவர்கள் எதிர்த்தது அதனால்தான். அக்கா இந்த நாட்டுக் கணக்கில், தம்பி அந்த நாட்டுக் கணக்கில். 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றபோதும் கணக்கு முடியவில்லை. நாடற்றவர் என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து எடுக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோம்.

ஒரே தலைவர்தான். கடலுக்கு நியாயம் கேட்டார். அது பெரிய காரியம், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தன் நாட்டின் மலையில் கொழுந்து பறித்தவளைக் கேட்கவில்லை. வல்லரசுகள் சின்ன நாடுகளைக் கேட்காமல் முடிவெடுக்கின்றன என்று உலகத்திடம் முறையிட்ட அதே அரசாங்கம், தன்னிலும் சிறியவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தது. இது ஒருவரைத் திட்டுவதற்காக அல்ல. அவரோடு கையெழுத்திட்ட சாஸ்திரியும், வாக்கைப் பறித்த முந்தைய அரசாங்கமும் அதையே செய்தார்கள். தலைவரை அளக்க ஐ.நா. மேடை ஒரு கோல் என்றால், செக்றோலில் பெயர் உள்ளவரை எப்படி நடத்தினார் என்பது இன்னொரு கோல். இரண்டு கோலாலும் அளக்கவேண்டும்.

சமாதான வலயம் என்ன ஆனது? ஐ.நா.வில் குழு அமைத்தார்கள். 1981இல் கொழும்பில் மாநாடு நடத்துவதென்று இருந்தது, நடக்கவில்லை. தியாகோ கார்சியாவில் ஓடுபாதை நீண்டது. அங்கிருந்து விமானங்கள் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் பறந்தன. 2021 ஒக்டோபரில் நம் நாட்டுத் தமிழர்கள் 89 பேர் படகில் போய் அந்தத் தீவில் கரையேறினார்கள். மூன்று வருடம் அவர்களைக் கூடாரங்களில் வைத்திருந்தார்கள். அது சட்டவிரோதத் தடுப்பு என்று 2024 டிசெம்பரில் நீதிமன்றம் சொன்னது. குடிகளே இல்லை என்று எழுதிய தீவில் கடைசியில் நம் ஆட்களின் பிள்ளைகள் விளையாடினார்கள், வேலிக்குள்.

ஆனால் அந்தத் தென்னந்தோட்டத்து மக்கள் விடவில்லை. மொரீசியசில் பெண்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், தெருவில் இறங்கினார்கள், அடிவாங்கினார்கள். 2000ஆம் ஆண்டு லண்டன் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2004இல் அரசாங்கம் அதைக் கட்டளை போட்டுத் தடுத்தது. 2008இல் பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். மறுபடி எழுந்தார்கள். 2019இல் சர்வதேச நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தெடுத்தது சட்டத்துக்கு மாறு என்று கருத்துச் சொன்னது. 2025 மே 22ஆம் திகதி, தீவுகள் மொரீசியசுக்கு என்றும், தியாகோ கார்சியா 99 வருடக் குத்தகைக்குப் பிரித்தானியாவிடமே இருக்கும் என்றும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்று விடியுமுன் அந்த மக்களில் இரண்டு பெண்கள், எங்களைக் கேட்கவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். கையெழுத்து சில மணி நேரம் நின்றது. பிறகு தடை நீங்கியது, கையெழுத்தும் விழுந்தது. ஆனாலும் இரண்டு அரசாங்கங்களை அரை நாள் காத்திருக்க வைத்தவர்கள், தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகள்.

ஐயா கேட்ட கேள்விக்கு இப்போது வந்துவிட்டேன். நம் காணிக்கும் இதற்கும் என்ன?

இன்றும் பெரிய நாடுகள் நம் கரையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடத்துக்குச் சீனக் கம்பெனியிடம் போனது. திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம். எந்த நாடு வந்தாலும் வேலை வரும், வீதி வரும் என்பார்கள். வரட்டும். எல்லாவற்றையும் எதிர்க்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை. மூன்று கேள்வி கேட்கப் பழகுங்கள் என்றுதான் சொல்கிறேன். இந்தக் காணியில் இப்போது இருப்பது யார்? அவர்களைக் கேட்டீர்களா? அவர்கள் சொன்ன பதில் எந்தக் கடதாசியில் இருக்கிறது?

கடதாசி என்பதை அழுத்திச் சொல்கிறேன். சாகோஸ் மக்களைத் துரத்துவதற்கு முதலில் துப்பாக்கி எடுக்கவில்லை. 'வந்துபோகிறவர்கள்' என்று ஒரு வரி எழுதினார்கள். அந்த வரி போதுமாக இருந்தது. ஆகவே பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் பதிவு, வீட்டுக்கு வரும் கரண்ட் பில், காணிக்கு எழுதிய கடிதம், அதற்கு வந்த பதில், எதையும் எறியாதீர்கள். எத்தனை வருடம் இந்த வாவிக்கரையில் இருக்கிறீர்கள் என்பதற்கு உங்கள் வாய் மட்டும் சாட்சியாக இருக்கக்கூடாது. உறுதி இல்லாத குடும்பங்கள் தனித்தனியாக அலுவலகத்துக்கு அலையாமல், பெயர்ப் பட்டியல் போட்டு ஒன்றாகக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

போன தவணை ஐந்தாம் வகுப்பில் உலகப் படத்தைத் தொங்கவிட்டு இலங்கையைக் காட்டினேன். ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், இவ்வளவு சின்னதா நாம?" என்று கேட்டாள். ஆமாம், சின்னதுதான் என்றேன். "அப்ப நம்மகிட்ட யாரு கேப்பாங்க?" என்றாள். அந்தப் பிள்ளைக்கு அன்று சரியான பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். யாரும் தானாக வந்து கேட்கமாட்டார்கள். பத்துப் பேர் சேர்ந்து, கையில் கடதாசியோடு போய், எங்களைக் கேள் என்று நிற்கவேண்டும். நாட்டுக்கு நாடும் அப்படித்தான், தோட்டத்துக்குத் தோட்டமும் அப்படித்தான். 61 நாடுகள் ஒன்றாகக் கை தூக்கியதால்தான் வல்லரசுகள் ஒதுங்கி உட்கார்ந்தன.

கூட்டம் முடிந்ததும் அந்த மேசையில் பெயர் பதிகிறோம். காணி உறுதி இல்லாதவர்கள் இருந்து பதிந்துவிட்டுப் போங்கள். அம்மாமார் முதலில் வாருங்கள், பஸ்சுக்கு நேரமாகிறது.